ஒரு வீட்டுக்கு ஒருவர்

மாலை டீ மணி அடித்ததும் எல்லாரும் கேண்டீனுக்கு வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். வழக்கமாக ஸ்டிச்சிங் பெண்கள் குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் பேக்கிங் ஆண்கள் உள்ளே வருவார்கள். அன்று இரண்டு கூட்டமும் சேர்ந்ததில் பெஞ்சுகள் போதவில்லை. பாதிப் பேர் தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் நின்றார்கள். டீ கேன் திறந்தபடியே இருந்தது, யாரும் டம்ளரை எடுக்கவில்லை. செண்பகம் சுவரோரம் நின்று கணவனைத் தேடினாள். அருணகிரி முன்னால், முதலாளிக்காகப் போட்டிருந்த நாற்காலிக்கு அருகிலேயே கைகட்டி நின்றிருந்தான். ஷூவைப் பொதியும் மெல்லிய காகிதத்தின் துணுக்கு ஒன்று அவன் காலரில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று அவள் நினைப்பதற்குள் முதலாளி ரஃபி அகமது வந்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கும் ரம்ஜானுக்கும் மட்டும் தொழிலாளர்களுக்கு எதிரில் நின்று பேசுகிறவர் அவர். நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் எச்.ஆர். மேனேஜர் ஆல்வின் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாருக்கும் விஷயம் தெரியும்" என்றார் ரஃபி அகமது. "அமெரிக்கா பார்ட்டி ஆர்டரை நிறுத்திட்டான். அம்பது சதவீதம் வரி கட்டி நம்ம ஷூவ அவனால வாங்க முடியாது. நானும் பாதிய ஏத்துக்கறேன்னு சொல்லிப் பாத்தேன். அப்பவும் வரல. யாரையும் கணக்கு முடிச்சு அனுப்ப எனக்கு மனசு இல்ல. அதனால ஒண்ணு யோசிச்சேன். இங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை செய்யற வீடு நெறைய இருக்குது. அந்த வீட்ல ஒருத்தர் மட்டும் வாங்க. இன்னொருத்தர் இந்த வரி விவகாரம் முடியற வரைக்கும் வீட்ல இருங்க. யாருங்கறத நீங்களே பேசி சனிக்கிழமைக்குள்ள ஆல்வின் சார்கிட்ட சொல்லிடுங்க. யார் வீட்லயும் அடுப்பு அணையக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒருத்தர்."

நல்ல மனிதர் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். தனியாக வேலைக்கு வருகிறவர்களின் முகத்தில் ஆறுதல் வந்து, அதை மறைத்துக்கொள்ள அவர்கள் டீ கேன் பக்கம் திரும்பினார்கள். செண்பகத்தின் பக்கத்தில் நின்ற சுகரா பேகம் விதவை. அவள் வீட்டிலிருந்து அவள் மட்டும்தான் வருகிறாள். செண்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். செண்பகம் மறுபடியும் முன்னால் பார்த்தாள். இப்போது அருணகிரி திரும்பி அவளைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

ஆடி மாதத்தில்தான் அந்த வரி என்ற சொல் ஃபாக்டரிக்குள் வந்தது. அமெரிக்க அதிபர் இந்தியச் சரக்குக்கு இருபத்தைந்து சதவீதம் என்றார். அந்தப் பேச்சு ஆறுவதற்குள், இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்று சொல்லி இன்னொரு இருபத்தைந்தை அதன் தலையில் ஏற்றினார். "அவங்க எண்ணெ வாங்குனா நம்ம ஷூ இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று சுகரா பேகம் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வரி அமலுக்கு வருவதற்குள் சரக்கைக் கப்பலேற்றிவிட வேண்டுமென்று இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமைகூட ஓடினார்கள். அதன் பிறகு திடீரென்று வேலை வற்றிப்போனது. தோல் வெட்டும் பகுதியில் பாதி விளக்குகளை அணைத்தார்கள். தைத்து முடித்த ஷூ எந்த ஊருக்குப் போகிறது என்று வருஷக்கணக்காகக் கேட்காத பெண்கள், இப்போது பஸ்ஸில் போகும்போது அந்த அதிபரின் முகத்தை போனில் உற்றுப் பார்த்தார்கள். அவர் சிரித்தால் ஒரு அர்த்தம், விரலை நீட்டினால் ஒரு அர்த்தம். ஒரு நாள் நம் பிரதமர் தன் நண்பர் என்றார். மறுநாள் மருந்துக்கும் வரி என்றார். ஒரு ஊர் முழுக்க அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஆம்பூர் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

அருணகிரிக்கு இது வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டது. பேக்கிங்கில் பதினெட்டு வருஷமாக அவன்தான் பெட்டிகளில் டாலர் விலை ஸ்டிக்கரை ஒட்டுகிறவன். அமெரிக்காவில் எந்த மாதம் பூட்ஸ் போகும், எந்த மாதம் செருப்பு போகும் என்று சொல்வான். அந்த நாட்டோடு தனக்கு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருப்பதைப் போலவே பேசுவான். வரி வந்த பிறகு சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. "அவனுக்கும் அங்க பேஜார்தான்" என்பான். "வெலை ஏறிப்போச்சுன்னு அவன் ஊர் ஜனங்களே கத்தறாங்க. கோர்ட்ல கேஸ் போட்டுட்டாங்க. கீழ் கோர்ட்டு செல்லாதுன்னே சொல்லிட்டுது. எத்தினி நாளு தாங்குவான்? எறங்கி வந்துதான் ஆவணும்." யாரோ பக்கத்துத் தெருவில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வான். அதைக் கேட்கும்போது செண்பகத்துக்கும் கொஞ்சம் தைரியமாகத்தான் இருக்கும்.

கேண்டீன் கூட்டம் நடந்தது வியாழக்கிழமை. மாதனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்.

"இன்னா மாமா பண்ணலாம்?"

"பாக்கலாம்."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லணுமாமே."

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. செண்பகம் தனக்குள்ளேயே பேசிப் பார்த்தாள். அவள் இருப்பது சாம்பிள் ரூமில். புதிய பார்ட்டி யார் வந்தாலும் முதலில் ஒரு ஜோடி தைத்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்குப் பதிலாக வேறு ஊர்க்காரர்களைத் தேடுகிறார்கள் என்றால் அவளுக்கு வேலை இருக்கும். பேக்கிங்கில் பெட்டிக்குள் வைக்கவே ஒன்றுமில்லை. இதை அவனும் யோசித்திருப்பான். ஆனால் அதை அவள் வாயால் சொல்லக் கூடாது. 'நீ இரு, நான் வீட்ல இருக்கறேன்' என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால், 'வேணாம் மாமா, நான் இருக்கறேன்' என்று ஒருவேளை அவளே சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். சனிக்கிழமை ராத்திரி அவன் சீக்கிரமாகப் படுத்துக்கொண்டான். இன்னும் முடிவு சொல்லவில்லை, ஆல்வின் சார் தவணை கொடுத்திருப்பார் என்று அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான்.

"இன்னிக்கு லீவு போடேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாத்தான். ரொம்ப களைச்சாப்ல இருக்கற."

"வேலை போய்டுமோன்னு ஊரே பயந்துகினு கெடக்குது, நான் லீவு போடட்டா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

ஃபாக்டரி கேட்டில் விரல் வைக்கும் மெஷின் முன்னால் ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசை. அருணகிரி விரலை வைத்து, பச்சை விளக்கு எரிந்ததும், ஓடுகிறவனைப் போல உள்ளே போனான். செண்பகம் விரலை வைத்தாள். சிவப்பு. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. பசை ஒட்டிய விரல்களுக்கு இது சகஜம்தான். மூன்றாவது முறை வைக்கப் போனபோது செக்யூரிட்டி காசிநாதன் அவள் காதருகில் வந்து மெல்லச் சொன்னார்.

"நீ லைன்ல நிக்காதம்மா. ஆபீஸ்ல ஆல்வின் சாரைப் பாத்துட்டு வந்துடு."

அப்போதுதான் அவள் உள்ளே பார்த்தாள். பேக்கிங் ஷெட்டுக்குப் போகும் பாதையில் அவன் நடந்துகொண்டிருந்தான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன, பின்னாலிருந்து யாரோ கல்லெறியப் போகிறார்கள் என்பது போல.

ஆல்வின் அவளை உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

"அண்ணன் சனிக்கிழமையே வந்து சொல்லிட்டாரேம்மா. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுத்திருக்கலாமே. இடுப்பு வலி எப்படி இருக்குது? டாக்டர் மெஷின்லயே உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்ல."

செண்பகம் மேஜையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் படம் இருந்தது, பனி மலையும் ஒரு வீடும். 'எனக்கு எந்த வலியும் இல்லை சார்' என்று சொன்னால் போதும். இந்த மனிதர் இப்போதே மெஷினில் அவள் விரலைச் சேர்த்துவிடுவார். ஆனால் அதற்கடுத்த நொடியில் அருணகிரி பொய் சொன்னவனாகிவிடுவான். இந்த அறையிலிருந்து அந்தப் பேச்சு டீ நேரத்துக்குள் பேக்கிங் ஷெட்டுக்குப் போய்ச் சேரும். பொண்டாட்டிக்கு இல்லாத நோயைச் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன் என்று அவனைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு வந்த கோபம் நாக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

"ஆமா சார்" என்றாள். "உக்காந்தா தாங்க முடியல."

திரும்பிப் போக கம்பெனி பஸ் கிடையாது. ஹைவேயில் நின்று டவுன் பஸ் பிடித்தாள். காலை பத்து மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அடுப்பங்கரை ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் உள்ளே வந்து அரிசி டப்பா மேல் விழுந்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டுத் தனகோடியக்கா ஒரு பாட்டில் தைலத்தோடு வந்துவிட்டாள். "முதுகெலும்பு தேஞ்சிருக்குதாமே, நேத்து சாயங்காலம் உன் வீட்டுக்காரர் சொன்னாரு. கூச்சப்படாம என்கிட்ட சொல்லிருக்கலாமில்ல?" என்று அவளைக் குப்புறப் படுக்கச் சொல்லித் தேய்த்தும் விட்டாள். செண்பகம் மறுக்காமல் படுத்துக் கிடந்தாள். தைலம் எரிந்தது. வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் ஷர்மிளா சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல், "அம்மா, ஸ்கேன் எடுத்தியாமே, எங்க எடுத்த? ரிப்போர்ட்ட காட்டு" என்றாள். அவன் யாரையும் விட்டு வைக்கவில்லை. ஒரு பொய்யைச் சுற்றி நாலாபக்கமும் சுவர் எழுப்பி அவளை உள்ளே உட்கார வைத்திருந்தான்.

அருணகிரி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினான். மகள் மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

"எனக்கு எந்த எடத்துல வலி மாமா?" என்று செண்பகம் கேட்டாள். "நாளைக்கு யாரானா கேட்டா சரியா சொல்லணுமில்ல."

அவன் ஆணியில் மாட்டிய சட்டையை மறுபடி எடுத்து மறுபடி மாட்டினான்.

"ரெண்டே வாரம் செம்பா. பேச்சுவார்த்த நடக்குது. தீபாவளிக்குள்ள அவன் எறங்கி வந்துடுவான். அதுக்குள்ள இன்னா ஆய்டப்போவுது?"

"அப்டின்னா நீ இருந்திருக்கலாமே."

"நானா?" அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "பொம்பள வீட்ல இருந்தா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க. ஆம்பள இருந்தா? எங்கப்பாவ நீ பாத்ததில்ல."

அவள் கேள்விப்பட்டிருந்தாள். பாலாற்றில் கழிவு கலக்கிறது என்று வழக்கு நடந்து தோல் பதனிடும் டேனரிகளை மூடியபோது அவன் அப்பாவுக்கு வேலை போனது. சில மாதங்களில் டேனரி மறுபடி திறந்தார்கள். அவர் திரும்பப் போகவே இல்லை. அந்தச் சில மாதங்களில் வீட்டில் உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சான்கள் வந்தால் அவரைப் பார்த்து, 'வூட்டுக்காரம்மா, ஒரு காபி போடுங்க' என்பார்களாம். அவரும் எழுந்துபோய் போடுவாராம். அதை அருணகிரி ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான், கல்யாணமான புதிதில்.

"பயந்துட்டேன்" என்றான் இப்போது. "உங்கிட்ட கேட்டா நீ சரின்னுதான் சொல்லிருப்ப. அத கேக்கறதுக்குக்கூட வாய் வரல."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லிருப்பேன்தான்" என்றாள். "அதான் எனக்கு ஆறல."

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அவன் வேலைக்குப் போய் வந்தான். வந்ததும் போனை எடுத்துக்கொண்டு அங்கே என்ன நடந்தது என்று அவளுக்குக் கேட்கும்படி வாசிப்பான். அதிபர் போனில் பேசினாராம். தூதுக்குழு வருகிறதாம். எண்ணெய் வாங்குவதைக் குறைத்தால் வரியைக் குறைப்பாராம். ஒவ்வொரு செய்தியையும் அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். அந்த மனிதர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் தன் தப்பும் சேர்ந்து அழிந்துவிடும் என்பது போல அவன் தவிப்பதை அவள் பார்த்தாள். சில சமயம் பாவமாக இருந்தது. சில சமயம் அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது. தெருவில் அவள் வேகமாக நடக்க முடியவில்லை. இடுப்பு வலிக்காரி குடத்தைத் தூக்கினால் யாராவது ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். உடம்பில் ஒரு குறையுமில்லாத அவள் மெல்ல நடக்கப் பழகிக்கொண்டாள். ஒரு நாள் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான், தனக்கு வலியே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நடு வீட்டில் அப்படியே நின்றுவிட்டாள். அவன் அப்பா ஏன் எழுந்துபோய்க் காபி போட்டார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

தீபாவளி வந்து போனது. யாரும் இறங்கி வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலை சுகரா பேகம் போன் செய்தாள். பின்னணியில் மெஷின் சத்தம் கேட்டது. செண்பகம் காதை அதில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உன் இடுப்பு இன்னா ஆச்சு? லண்டன் பார்ட்டி ஒருத்தன் வர்றான். ஒம்போது மாடல் காட்டணுமாம். சாம்பிள் ரூம்ல நானும் ஒரு புதுப் பொண்ணும்தான். முதலாளியே வந்து, செண்பகம் எங்கன்னு கேட்டுட்டுப் போனாரு. இந்த ஆர்டராவது வரலன்னா எல்லாருக்குமே கஷ்டம்டி. முடிஞ்சா வா."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான?"

"ஆல்வின் சாரைக் கேட்டேன். உனக்கு மட்டும் மாத்துனா மத்த ஜோடிங்க கேப்பாங்கங்கறாரு. வேணும்னா ஆள மாத்திக்கலாமாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

நாள் முழுக்க அவள் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கிளம்பிப் போன பிறகு தானே போய் ஆல்வினிடம் பேசிவிடலாம். மறுநாள் காலை அவன் விரலுக்குச் சிவப்பு எரியும். அந்தக் காட்சியை ஒரு நிமிஷம் மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். இனித்தது. இனித்ததே அவளைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் அவன் காலைக் கழுவிவிட்டு வரும்போதே சொன்னாள்.

"என்னைய வேலைக்குக் கூப்புடறாங்க மாமா. நான் போறேன். நீ நின்னுக்க."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடித்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது.

"எத்தினி நாளைக்கு?"

"தெரியாது. ரெண்டே வாரம்னு சொல்ல நான் இன்னா அமெரிக்காவுலயா இருக்கறேன்?" சொல்லிவிட்டு அவள் குரலைத் தணித்தாள். "நீ எனக்குத் தெரியாம செஞ்ச. நான் உன் மூஞ்சியப் பாத்து சொல்றேன். எனக்கு இஷ்டமில்ல, ஆனா போறேன். அங்க வேலை இருக்குது. உன் ஷெட்ல ஒண்ணும் இல்ல. அது உனக்கே தெரியும்."

தெரியும். பேக்கிங் ஷெட்டில் அவர்கள் பழைய அட்டைகளைத் தட்டி அடுக்குவதும் பிரித்து மறுபடி அடுக்குவதுமாக இருந்ததை அவன் வீட்டில் சொன்னதில்லை.

"ஆல்வின் சார்கிட்ட இன்னா சொல்லுவ?" என்று கேட்டான்.

"வலி போய்ட்டுதுன்னு சொல்றேன்."

அவன் சாப்பிடவில்லை. ஷர்மிளா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

காலையில் அவன் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். சண்டை போடப் போகிறானா, முந்திக்கொண்டு போய்ப் பஞ்ச் செய்யப் போகிறானா, செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் அவன் முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால். ஃபாக்டரியில் இறங்கியதும் மெஷின் வரிசைக்குப் போகாமல் நேராக ஆபீஸ் பக்கம் நடந்தான். அவளும் பின்னால் நடந்தாள்.

ஆல்வின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகம் வாயைத் திறப்பதற்குள் அருணகிரி பேசினான்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சார். எப்பவும் இல்ல." கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றுவதற்குள் கயிறு காதில் மாட்டிக்கொண்டது. "நான்தான் அப்டி சொன்னேன். அவ உள்ள போவட்டும். நான் நின்னுக்கறேன்."

ஆல்வின் அட்டையை வாங்கி டிராயருக்குள் வைத்தார். "மழை பேஞ்சுகிட்டிருக்குதுண்ணே, கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். அவன் உட்காரவில்லை. செண்பகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனான். சாம்பிள் ரூமின் உயரமான ஜன்னலில் அவள் எட்டிப் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே குடையில்லாமல் ஹைவேயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஓட்டமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சுகரா பேகம் வெட்டிய தோல் துண்டுகளை அவள் முன்னால் வைத்தாள். செண்பகம் உட்கார்ந்து பெடலில் காலை வைத்தாள். ஊசி இறங்கிய முதல் தையல் கோணலாக விழுந்தது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

லண்டன்காரன் வந்தான். ஒன்பது மாடலையும் வளைத்துப் பார்த்தான், மோந்து பார்த்தான், போட்டோ எடுத்துக்கொண்டான். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனான். அதன் பிறகு பேச்சே இல்லை. ஆல்வின் இனிமேல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேலை என்று ஆக்கப்போவதாக ஒரு பேச்சு. அப்படியெல்லாம் இல்லை, ரஃபி அகமது வேறு யாருக்கோ ஃபாக்டரியைக் கொடுக்கப் பார்க்கிறார் என்று இன்னொரு பேச்சு. அமெரிக்க அதிபரின் வக்கீலை அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வரியைப் பற்றி நீதிபதிகள் கேள்வி கேட்டார்கள் என்று செய்தி வந்த அன்று, கேண்டீனில் யாரோ கைதட்டினார்கள். தீர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

அருணகிரி முதல் சில நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். தனகோடியக்கா வந்து, "உங்க சம்சாரத்துக்கு இடுப்பு தேவலையாப்பா?" என்று கேட்டபோது, "அது வலியே இல்லக்கா, நான் சொன்ன பொய்" என்று சொல்லிவிட்டானாம். செண்பகத்திடம் அவன் அதைச் சொல்லவில்லை. தனகோடியக்காதான் வாயில் கைவைத்துக்கொண்டு வந்து சொன்னாள். கேட்டதும் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. தனியாகப் போய்க் கொஞ்சம் அழுதாள். அவனிடம் இன்னும் முழுசாகப் பேசிவிடவில்லை. ஆனால் ராத்திரி தட்டு வைக்கும்போது அவனுக்கு எதிரில் உட்கார ஆரம்பித்திருந்தாள். அவன் போனை வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் மட்டும் சொன்னான். அவள் கேட்காமல் இருக்க முயன்றாள். பெரும்பாலும் முடியவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு சீக்கிரம் இருட்டத் தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ் மாதனூர் திருப்பத்துக்கு வரும்போது பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கினாற்போல ஏழெட்டு ஆண்கள் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எல்லாரும் ஃபாக்டரிக்காரர்கள், பொண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டில் நிற்கிறவர்கள். இதுவரை ஒருத்தர்கூட பஸ்ஸை எதிர்பார்த்து வந்து நின்றதில்லை. அவர்கள் நடுவில் அருணகிரியின் கையில்தான் போன் இருந்தது. மற்றவர்கள் அவனை நெருக்கிக்கொண்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் தலையை நீட்டிக் குனிந்திருந்தார்கள். அந்தச் சின்ன வெளிச்சம் எல்லார் முகத்தையும் கீழிருந்து காட்டியது. அருணகிரி விரலால் எதையோ மேலே தள்ளினான், நிறுத்தினான், மறுபடி கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். ஒருவன் நிமிர்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"இன்னாடி, வரி சேதியா? சிரிக்கறாங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. செண்பகம் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, உள்ளங்கையால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தண்ணீர் வெளிப்பக்கம் இருந்தது.